பார்த்தீனியத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

தோட்டக் குழு நண்பர்களுக்கு, போத்தனூர் பிரவுசிங் சென்டரிலிருந்து அரிக்கும் கையோடு எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து கம்பி வேலி தாண்டி வரும் பார்த்தீனியக் களையை ஞாயிறுதோறும் பிடுங்கிப் பிடுங்கிக் கை தடித்துவிட்டது. அங்கே புதிதாகக் குடிவந்த சரசக்காவோ அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இங்கே குடிக்கவே தண்ணீர் வருவதில்லை.

இன்று காலை சண்டைக்குத் தயாராகத்தான் வேலியருகே போனேன். வாயில் வந்ததோ, "ஏனுங்கக்கா, அந்தச் செடியப் புடுங்கிப்போட்டாத் தேவலீங்க" என்பதுதான்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "நெசமாவா அம்மணி? உங்க ஊட்டுச் செடி இந்தப் பக்கம் வந்துருச்சாட்ட இருக்குதுன்னுதான் தண்ணி ஊத்தறேன்."

"எங்க செடிங்களா?"

"வாராவாரம் அதுகிட்டயே உக்காந்திருக்கறீங்க. ஆசையா வளத்தறீங்கன்னு நெனச்சேன். எனக்கு அந்தப் பூ ஒத்துக்கறதில்லீங்க, ராத்திரியெல்லாம் தும்மல். சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னு உட்டுட்டேன்."

பிளாஸ்டிக் கவரைக் கையில் சுற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேரோடு பிடுங்கினோம். வேலி காலியான பிறகுதான் அவர் முகத்தையே முழுதாகப் பார்த்தேன்.

அத்தனை சந்தோஷம் அந்த முகத்தில். கம்பி வழியாக என் பக்கம் கையை நீட்டி, "இங்கயும் கொஞ்சம் இருக்குது, புடுங்கிப்போடட்டுங்களா?" என்றார்.

அது நான் போட்டிருந்த கேரட். இலை ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும்.

"புடுங்குங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

நீங்களாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்களா?