சிகரெட்டுக்கும் ஒரு நிய்யத்

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் சொன்னது ஒரே விஷயம்தான். "இனிமே சிகரெட் கூடாது பாய். ஒண்ணுன்னா ஒண்ணு கூட கூடாது. அடுத்த தடவை இங்க கூட்டிட்டு வர்றதுக்கு நேரம் இருக்குமான்னே தெரியாது."

அத்தா தலையாட்டினார். அம்மா அழுதார். நான் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஓடிவந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன்.

சிரிக்காதீர்கள். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதே இடத்தில் அதையேதான் செய்திருப்பீர்கள். துக்கம் வந்தாலும் சிகரெட், சந்தோஷம் வந்தாலும் சிகரெட், பஸ் வரவில்லை என்றாலும் சிகரெட். அப்படித்தான் இருந்தேன்.

என் பெயர் இர்ஃபான். மயிலாப்பூரில் வீடு, பெருங்குடியில் ஐ.டி. வேலை. அத்தா கார் சீட் கவர் தைக்கிறவர். காலேஜ் இரண்டாம் வருடத்தில் நான் பிடிக்கத் தொடங்கியது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எங்கள் வீட்டில் அத்தா முன்னால் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததுகூட இல்லை.

ஸ்டென்ட் வைத்த பிறகு அம்மா சும்மா இருக்கவில்லை. பர்தாவை மாட்டிக்கொண்டு எங்கள் தெருவிலிருந்து கச்சேரி ரோடு வரை ஒவ்வொரு பெட்டிக்கடையாக ஏறி இறங்கினார். "இந்தாப்பா, எங்க ஊட்டுக்காரருக்கு இனிமே சிகரெட் குடுத்தேன்னு வெச்சிக்கோ, அவரு மவுத்துக்கு நீதான் பதில் சொல்லணும்!" சாவுக்குப் பதில் சொல்வது என்றால் யாருக்குத்தான் பயம் வராது? அத்தா போய்க் காசை நீட்டினால் கடலை மிட்டாயைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்படியும் அத்தாவின் சட்டையில் அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். நள்ளிரவில் இருமினார். எங்கிருந்துதான் கிடைக்கிறது? அம்மா துப்பறிந்து களைத்துவிட்டார். "எனக்கு இத்தா உக்கார வெச்சிட்டுத்தான் ஓய்வாரு போல," என்று ஒருநாள் அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். கணவன் இறந்தால் மனைவி தனித்திருக்கும் காலம்தான் இத்தா. அன்று தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஐந்து வேளையும் துஆ கேட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தொழுத வேளைகளில் எல்லாம் கேட்டேன். யா அல்லாஹ், என் அத்தாவைக் காப்பாற்று. அவர் கையிலிருந்து அந்தச் சிகரெட்டைப் பிடுங்கிவிடு. கேட்டுவிட்டு வெளியே வந்து நான் ஒன்று பிடிப்பேன். மாதங்கள் போயின. பதிலே இல்லை.

நடுவில் நானும் விட்டுப் பார்க்காமல் இல்லை. விடுவதில் நான் பெரிய ஆள், மாதத்துக்கு ஒருமுறை விடுவேன். கிராம்பு மென்றேன். நிகோடின் சூயிங்கம் மென்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் என்று குறைத்துப் பார்த்தேன். குறைத்தால் என்ன ஆகும் தெரியுமா? நாளெல்லாம் சாப்பாட்டு நேரத்தைப் பற்றியே நினைப்பு ஓடும். மூன்றாவது வாரம் நாலு மணிக்கே ராத்திரிச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

போன வருடம் ரமலான் வந்தது. டாக்டரிடம் கேட்டு, மாத்திரைகளை சஹருக்கும் இஃப்தாருக்குமாக மாற்றிக்கொண்டு, அத்தாவும் நோன்பு வைத்தார். விடியலுக்கு முன் சஹர் சாப்பிட்டு நிய்யத் வைத்துவிட்டால், அதாவது இன்று நோன்பு என்று மனதில் உறுதி செய்துவிட்டால், மாலையில் பாங்கு என்ற தொழுகை அழைப்பு வரும்வரை தண்ணீரும் கிடையாது, புகையும் கிடையாது. எங்கள் பள்ளிவாசலில் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் வைத்து நோன்பு திறப்போம், அதுதான் இஃப்தார். பிறகு மஃரிப் தொழுகை. அது முடிந்ததும் பின்சந்தில் ஒரு கூட்டம் சேரும். அது எங்கள் கூட்டம். நாள் முழுக்க அல்லாஹ்வுக்காக வாயைக் கட்டிய நாங்கள், முதல் வேலையாக அந்த வாயில் நெருப்பை வைப்போம்.

முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மறுநாள் அது நடந்தது. சந்தில் இருட்டு, நல்ல கூட்டம். சிகரெட்டை வாயில் கவ்விவிட்டேன், லைட்டரைக் காணோம். முன்னால் தொப்பி போட்ட ஒருவர் சுவரைப் பார்த்து நின்று இழுத்துக்கொண்டிருந்தார். சிகரெட்டைக் கடித்தபடியே, "பாய், கொஞ்சம் நெருப்பு குடுங்க," என்றேன். அவர் திரும்பாமலே தன் சிகரெட்டைப் பின்னால் நீட்டினார். அதில் பற்றவைத்துக்கொண்டு, ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "ஜஸாக்கல்லாஹ் பாய்," என்று நன்றி சொன்னேன்.

அந்தக் குரலுக்கு அவர் திரும்பினார். அத்தா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனோம். இரண்டு முதுகுக்குப் பின்னாலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"உங்களுக்கு ஏது அத்தா இது?"

"உன் பையில எடுத்தது."

"என் பையிலயா?"

"பின்ன? கடைக்காரன் கடலை மிட்டாய் குடுக்கறான். நீ ஆபீஸ் பையை ஹால்ல கடாசிட்டுத் தூங்கிடற. உங்கம்மா மயிலாப்பூர் பூரா தேடுவா, சொந்த ஊட்டுக்குள்ள தேட மாட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவே இல்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்தார், இன்னொரு கை நெஞ்சுக்குப் போனது. நெற்றியெல்லாம் வியர்வை. அவரைத் தாங்கிப் பிடித்து அங்கே நின்ற ஒரு பைக்கில் உட்கார வைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசி மூச்சில் சொல்லும் கலிமாவுக்கான நேரமோ என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது.

மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அம்மாகிட்ட சொல்லாத."

நான் அழுதுவிட்டேன். அத்தனை மாதம் கேட்ட துஆவுக்குப் பதில் இல்லை என்று நினைத்தேனே, பதில் என் ஆபீஸ் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவரைக் காப்பாற்று என்று மேலே கேட்டுவிட்டு, கீழே அவருக்கு சப்ளை செய்தது நான்.

"நீ வாங்கறத நிறுத்து. எனக்கு வேற வழி கிடையாது, தானா நிறுத்திடுவேன்," என்றார் அத்தா. அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உன்னால முடியுமாடா?"

"என்கிட்டயேவா அத்தா?" என்று வீறாப்பாகச் சொன்னேன். உள்ளுக்குள் ஒன்றுமே இல்லை. நான் எத்தனை தரம் தோற்றவன் என்று எனக்குத்தானே தெரியும்.

வழி கிடைத்தது திங்கட்கிழமை, ஆபீஸ் வாசலில். என் டீமில் இருக்கும் விக்னேஷ், ஆதம்பாக்கத்துப் பையன், புகைக்கக் கீழே இறங்கினான். பேச்சுத் துணைக்கு நானும் இறங்கினேன்.

"மச்சி, தள்ளி நில்லு. உன் நோன்பு கெட்டுடப் போவுது."

"பரவால்லடா. எனக்கு ஒண்ணும் தோணல."

"தோணலயா? உனக்கா?"

"நெஜமா. பகல்ல அந்த நெனப்பே வர்றதில்ல. சாயங்காலம் நோன்பு தொறக்கற நேரம் நெருங்கினாதான் பைத்தியம் புடிக்குது."

விக்னேஷ் புகையை விட்டுவிட்டு என்னை முறைத்தான். "இன்னாடா கதை விடற? போன மாசம் ஒரு மணி நேர மீட்டிங்ல உக்கார முடியாம, வயித்து வலின்னு எழுந்து ஓடினவன் நீ. இப்ப பகல் பூரா கல்லு மாதிரி நிக்கற. உன் உடம்புல கீற நிகோடினுக்கு இன்னா, பாங்கு டைம் தெரியுமா?"

அவன் கலாய்த்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு மட்டும் அது காதிலேயே நின்றது.

ஆமாம், அதற்கு எப்படித் தெரியும்? சஹரில் நிய்யத் வைத்ததும் எனக்குள் அந்த விவகாரம் முடிந்துபோகிறது. பகலில் பிடிக்கலாமா வேண்டாமா என்ற பஞ்சாயத்தே கிடையாது. கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்ததும் மனசு கேட்பதை நிறுத்திவிடுகிறது. சாயங்காலம் கிடைக்கப்போகிறது என்பதால்தான் சாயங்காலம் ஆட்டம் போடுகிறது. நான் விட்ட ஒவ்வொரு முறையும் எங்கேயோ ஒரு பாங்கை மிச்சம் வைத்துக்கொண்டேதான் விட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, டென்ஷன் வந்தால் ஒன்று, சனிக்கிழமை ஒன்று. என்னைக் கொன்றது அந்தக் காத்திருப்புதான்.

அன்று மாலை பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது அத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தா, சிகரெட்டுக்கும் சேர்த்து ஒரு நிய்யத் வெப்போம். ஆனா இதுக்கு பாங்கு கிடையாது."

"அப்படின்னா?"

"தொறக்கறதே கிடையாது."

"பெருநாளைக்கு?"

"பெருநாளைக்கும் கிடையாது."

"மவுத் வரைக்குமா?"

"ஆமா."

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு சிகரெட்டையே புடிக்கலாம்டா. மவுத் சீக்கிரம் வந்துடும்," என்றார். ஆனால் துஆவுக்குக் கையை ஏந்திவிட்டார்.

மார்க்கப்படி இது நோன்பு ஆகாது, எனக்கும் தெரியும். ஆலிம்கள் அடிக்க வராதீர்கள். நோன்பு கற்றுக்கொடுத்த வழியில் ஒரு முடிவு எடுத்தோம், அவ்வளவுதான். நோன்பு திறக்கும் நேரத்து துஆ வீணாகாது என்று நம்புகிறவர்கள் நாம். அதற்கு முன் எத்தனையோ இஃப்தாரில் என் கை மட்டும்தான் ஏந்தியிருந்தது, மனசு பின்சந்தில் நின்றது. அன்றுதான் முழுசாகக் கேட்டேன். யா அல்லாஹ், பகலில் கொடுக்கிற இந்த நிம்மதியை ராத்திரிக்கும் கொடு. எனக்கும் கொடு, அத்தாவுக்கும் கொடு.

கொடுத்தான். அல்ஹம்துலில்லாஹ், கொடுத்தான்!

கஷ்டமே இல்லை என்று அளக்க மாட்டேன். தலை வலித்தது. சஹர் நேரத்தில் துவையலில் உப்பில்லை என்று அம்மாவிடம் கத்தி, திட்டு வாங்கினேன். ஆனால் அந்த ஆசை வரும்போதெல்லாம், இது சாயங்காலத்துக்கும் கிடையாது என்று ஒரே பதில்தான் சொன்னேன். சோறு போடாத வாசலில் நாய் எவ்வளவு நேரம் நிற்கும்? கொஞ்சம் நின்றது, போய்விட்டது. ராத்திரி அத்தா என் விரலை மோந்து பார்ப்பார், நான் அவர் சட்டையை மோந்து பார்ப்பேன். "இன்னா கர்மம்பா இது, அப்பனும் புள்ளையும்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

எல்லோரும் பெருநாள் அன்று நான் விழுவேன் என்றுதான் காத்திருந்தார்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு நான், அத்தா, விக்னேஷ் மூவரும் பெசன்ட் நகர் பீச்சில் உட்கார்ந்திருந்தோம். விக்னேஷ் பாக்கெட்டை நீட்டினான். "நோன்புதான் முடிஞ்சிபோச்சே மச்சி, இன்னிக்கு ஒண்ணு போடு." அத்தா என் கையைப் பார்த்தார். நான் அத்தாவின் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் அசையவில்லை. பிரியாணிக்குப் பிறகு, கடல் காற்றில், அசையவில்லை! பொறியியல் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் இவ்வளவு நெஞ்சை நிமிர்த்தியதில்லை.

இந்த ரமலானுக்கு முன் அத்தாவை செக்-அப்புக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கே பாய், எப்படி விட்டீங்க?" என்று கேட்டார். அத்தா காலரைச் சரிசெய்துகொண்டார். "எம் புள்ள ரொம்பப் புடிச்சிக்கினு இருந்தான் டாக்டர். அவனைக் காப்பாத்தறதுக்காக நான் விட்டேன்," என்றார். உங்களுக்காக விட்டவன் நான்தானே என்று வாயைத் திறக்கப் போனேன். பிறகு மூடிக்கொண்டேன். உயிரோடு உட்கார்ந்து என் பெருமையைத் திருடுகிறாரே, அதற்குத்தானே அத்தனை துஆவும்.

சகோதரர்களே, மருந்து தேவைப்பட்டால் டாக்டரிடம் போங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் குறைக்கிறேன், நாளைக்கு விடுகிறேன் என்று அல்லாஹ்விடம் பேரம் பேசாதீர்கள். முழுசாகக் கேளுங்கள், முழுசாகக் கொடுப்பான். மஃரிபுக்குப் பிறகு நானும் அத்தாவும் பள்ளிவாசலின் முன்வாசலில்தான் நிற்கிறோம். பின்சந்துக்குப் போகிற வழியில் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு ஸலாம் சொல்லி நின்றுவிடுங்கள். மிச்சத்தை அல்லாஹ்விடம் மூன்று பேராகக் கேட்போம்.