மூத்தவன் வாங்கிய அடியும் இளையவன் கொடுத்த அடியும்

இதை எழுத வேண்டும் என்று உட்காருவேன். இரண்டு வரி ஓடும். மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். இப்படியே வருடங்கள் போய்விட்டன. நான் பத்தாவது தாண்டாதவன். பாளையங்கோட்டையில் வீடு, வண்ணார்பேட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு சீட் கவர் தைக்கிற சின்னக் கடை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போவேன், சுருதி சேராமல் பாடுவேன். எழுத வராது என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம் பயம். எழுதினால் என் இளைய மகன் பெயர் கெடும். எழுதாவிட்டால் ஊரார் சொல்லிக்கொள்கிற கதையே நிலைத்துவிடும். ஜெபத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். எழுது என்றே மனதுக்குப் பட்டது. ஆட்களின் பெயரையும் மூத்தவன் போன நாட்டின் பெயரையும் மட்டும் விட்டுவிட்டேன்.

என் மூத்த மகன் நர்சிங் படித்துவிட்டு, கடல் தாண்டி வெள்ளைக்காரர்களின் குளிர் நாடு ஒன்றில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனான். கிழவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஸ்பூனால் ஊட்டிவிடுகிற வேலை. அங்கே ஒருவர் இவன் ஊட்டினால்தான் வாயைத் திறப்பாராம். அவரைப் பார்க்க வருகிற மகனோ, இவன் கை அப்பா மேல் படுகிறபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வானாம். இதை என் மகன் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவான்.

நம் ஆட்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்க மாட்டேன். ஒரு வீட்டில் ஏழெட்டுப் பேர். வாசலில் செருப்புக் குவியல். சாளைக் கருவாடு பொரித்தால் தெருவே மூக்கைப் பொத்தும். கார் நிறுத்துகிற இடத்தில் கிரிக்கெட். இவர்கள் குடிவந்த அன்று கேக் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு அம்மா, போகப் போகப் பேச்சை நிறுத்திவிட்டாள். "பைய பேசுங்கலேன்னா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்பா. ஊர்ல வாய்க்கா கரையில நிக்க மாதிரியே கத்துதானுவ" என்று அவனே அலுத்துக்கொள்வான்.

அப்புறம் அந்த ஊரில் வாடகை ஏறியதற்கும் வேலை கிடைக்காததற்கும் நம் ஆட்கள்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. பஸ்ஸில் இவன் பக்கத்து சீட் காலியாகவே வரும். ஒருநாள் ஜன்னலில் முட்டை வந்து விழுந்தது. அடுத்த வாரம் கல். "திரும்பி வந்துருலே" என்றேன். "எல்லாரும் அப்படி இல்லப்பா. நான் ஊட்டுத தாத்தா எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரு" என்றான்.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவோடு வீடியோவில் பேசுவது அவன் வழக்கம். அவனுக்கு அது இரவு, எங்களுக்கு மறுநாள் காலை. அன்றைக்கு என் மனைவி போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னலே சாப்ட்ட?"

"பிரெட்தாம்மா."

"பிரெட்டத் தின்னா ஒடம்புல என்ன நிக்கும்? ஒரு கை அரிசியப் பொங்க முடியாதாலே ஒனக்கு?"

அவன் சிரித்தான். சிரிக்கும்போதே படம் குலுங்கியது. கறுப்பு வானம், விளக்குக் கம்பம், பிறகு ஒரு பூட்ஸ். ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி சத்தம்.

"ஏலே, போனக் கீழ போட்டுட்டியா?" என்று இவள் கேட்டாள்.

"எம்மா" என்று ஒரு கத்தல். அதற்குப் பிறகு அவன் குரல் சொல்லாக வரவில்லை. மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றிக் கத்துகிறார்கள். மறுபடியும் அந்தச் சத்தம். மறுபடியும். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தேன். அவர்களில் ஒருவன் போனைத் தரையிலிருந்து எடுத்தான். திரை முழுக்க அவன் முகம். மீசை சரியாக முளைக்காத வயது. குளிரில் மூக்கு சிவந்திருந்தது. அவன் என் மனைவியைப் பார்த்தான். இவளுக்கு அந்தப் பாஷை தெரியாது; மாவுக் கையைக் கூப்பினாள். அவன் ஒரு நொடி அசையாமல் நின்றான். பிறகு போனை எறிந்தான். திரை கறுத்துப்போனது.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. முன்பல் நான்கும் போயின. மேல் தாடையையும் கீழ் தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, குழாய் வழியாகத்தான் ஆகாரம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வீடுகள் உண்டு. யாரும் எதையும் பார்க்கவில்லை என்றுதான் போலீசிடம் சொன்னார்கள். ஒருவனும் பிடிபடவில்லை.

எங்கள் சபையில் அவனுக்காக ஜெபித்தார்கள். அது பெரிய ஆறுதல். ஆனால் ஒரு பெரியவர் மைக்கில், "விசுவாசத்தினிமித்தம் அடிக்கப்பட்ட வாலிபன்" என்று சொன்னார். ஆராதனை முடிந்ததும் அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, அவன் எந்தச் சாமி கும்பிடுதான்னு அவனுவ கேக்கவே இல்ல. நெறத்தப் பாத்தானுவ, அடிச்சானுவ. அம்புட்டுத்தான்."

"சும்மா இரும்வே. அப்படிச் சொன்னா ஆண்டவருக்கு மகிமைதான?" என்றார்.

இளையவன் டிப்ளமோ முடித்தவன். அண்ணன் அடிபடுகிறதற்கு முன்பே அதே நாட்டுக்கு விசா எடுத்திருந்தான். போவதா வேண்டாமா என்று மூன்று மாதம் இழுத்து, கடைசியில் போவது என்று முடிவாகிப் பெட்டியும் கட்டியாயிற்று. கூட்டாளிகள் அவனை விடவில்லை. "ஒங்க அண்ணன் மூஞ்சில மிதிச்சவனுக்கு நீ போயி காலு கழுவப் போறியாலே?" என்று டீக்கடையில் வைத்துக் கேட்பார்களாம். "போகும்போது பூட்ஸுக்கு பாலீசும் வாங்கிட்டுப் போலே" என்பார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்தச் சமயம் வண்ணார்பேட்டை லாட்ஜ் ஒன்றில் வெள்ளைக்காரர் ஒருவர் தங்கியிருந்தார். தெற்கே காற்றாலை மிஷின்களைப் பழுது பார்க்க வந்தவர். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். சாயந்தரம் தனியாக வந்து, பரோட்டாக் கடை ஓரத்தில் உட்கார்ந்து, சால்னா வேண்டாம் என்று கையாலேயே சொல்லிவிட்டு, பரோட்டாவைச் சீனி தொட்டுச் சாப்பிடுவார். என் கடை வழியாகப் போகும்போது தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன்.

ஒரு சாயந்தரம் இளையவன் கிழிந்த சட்டையோடு வீட்டுக்கு வந்தான். வலது கை விரல் முட்டிகளில் தோல் இல்லை. வண்டியிலிருந்து விழுந்துவிட்டான் என்று நினைத்து, அவன் அம்மா மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து போட ஆரம்பித்தாள்.

"விழலம்மா. ஒரு வெள்ளைக்காரன அடிச்சோம்."

"எந்த வெள்ளைக்காரன?" என்றேன்.

"யாரோ."

"யாரோவா?"

"அண்ணன அடிச்சவனுவளுக்கு மட்டும் அண்ணன் யாருன்னு தெரியுமாப்பா?"

பரோட்டாக் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் இவனும் கூட்டாளிகள் இரண்டு பேருமாக மறித்திருக்கிறார்கள். முதல் அடி இவனுடையது. ஹெல்மெட்டால் வாயிலேயே அடித்திருக்கிறான். கீழே விழுந்த பிறகும் விடவில்லை. வயிற்றில் மிதித்திருக்கிறார்கள். முகத்தை மூடிய கையையும் மிதித்திருக்கிறார்கள். "அவரு என்னவோ கத்துனாருப்பா. அது இங்கிலீஷ் இல்ல" என்றான். பிறகு விசாரித்ததில் தெரிந்தது, மூத்தவன் இருக்கிற நாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. வேறு தேசம், வேறு பாஷை.

மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள் என் மனைவி. அடுப்படிக்குப் போய்த் தோசைக்கரண்டியை எடுத்து வந்தாள். தலை, முதுகு, கை என்று பார்க்காமல் அடித்தாள். அவன் தடுக்கவில்லை. கரண்டிக் காம்பு வளைந்ததும் அதைப் போட்டுவிட்டு வெறுங்கையால் அடித்தாள். கை ஓய்ந்த பிறகு தரையில் உட்கார்ந்து, "நாலு நாள்ல பிளேன் ஏறிருவான்லங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்கும் அந்த நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று குடும்ப ஜெபத்தை நடத்தாமலே விளக்கை அணைத்தேன்.

காலையில் கடை திறக்கும்போது, தெரிந்த ஆட்டோக்காரர் வந்து நின்றார். "வெள்ளைக்காரர அடிச்சவனப் புடிச்சிட்டாவ அண்ணாச்சி. பரோட்டாக் கடையில மாவு பிசையுதான்லா, அந்த வடக்கத்தி ஆளு. அவந்தானாம்."

"அவனா?"

"சந்துக்குள்ள அவந்தான் நின்னானாம். அடிபட்டுக் கெடந்தவரத் தூக்கிவிடத்தான் போனேன்னு சொல்லுதான், யாரு நம்புதா? கேக்க ஆளில்லாதவன். போலீஸ்காரவ ராத்திரியே கூட்டிட்டுப் போயி நொறுக்கிட்டாவளாம்."

கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி மூத்தவனோடு வீடியோவில் இருந்தாள்; எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அவன் தாடையில் கம்பியை எடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வாய் பாதிதான் திறக்கும்.

"நல்லாக் குடுத்தானா?" என்றான். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. அதையும் நான் மறைக்கவில்லை. பிறகு முன்பல் போன இடத்தை விரலால் தடவினான்.

"பல்லு போச்சாப்பா அவருக்கு?"

"போயிருக்கும்யா. வாயிலதான் அடிச்சிருக்கான்."

"ஆஸ்பத்திரில கூட யாரு இருக்கா?"

"தெரியல."

"தண்ணி வேணும்னு கேக்கக்கூட வாய் வராதுப்பா" என்றான். சொல்லிவிட்டு அழுதான். தாடை வலியில் அழவும் முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். இதைச் செய்யுங்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை. மாவு பிசைகிறவனைப் பற்றி நான் சொன்னதும் போனை வைத்துவிட்டான்.

மனைவிதான் எழுந்தாள். இளையவன் பெட்டி மேல் மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து அவன் மேல் எறிந்தாள். "போட்டுக்கிட்டு அப்பா கூடப் போ" என்றாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. எங்களை உட்காரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஆளு கெடச்சாச்சு வே. அடிபட்டவரே போட்டோவப் பாத்து தலைய ஆட்டிட்டாரு."

"அவருக்கு நாம எல்லாம் ஒண்ணுபோலத்தான சார் தெரிவோம்?"

"ஒம்ம மவன் வெளிநாடு போறான்ங்கீரு. பேசாம ஏத்தி விடும்வே. நான் ஒண்ணும் கேக்கல, நீரு ஒண்ணும் சொல்லல."

உள்ளே லத்தி விழும் சத்தம் கேட்டது. நான் முன்பு போனில் கேட்ட அதே சத்தம். அதோடு ஒரு ஆள் இந்தியில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் கால் வாசல் பக்கம்தான் திரும்பியது. ஆண்டவரே என்று மனதுக்குள் கூப்பிட்டேன், அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. இளையவன்தான் எழுந்தான்.

"நான்தான் சார் அடிச்சேன். மாவு பிசையுத அந்த அண்ணன விடுங்க" என்று கத்தினான்.

எஸ்.ஐ. அறைந்த அறையில் அவன் பெஞ்சோடு விழுந்தான். எழுந்து மறுபடியும் அதையே சொன்னான். மறுபடியும் அடி. நான் குறுக்கே விழுந்தேன். என் தோளிலும் ஒன்று விழுந்தது. மூன்றாவது தடவையும் சொன்னான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அப்புறம்தான் தோல் உரிந்த அவன் விரல் முட்டிகளைப் பிடித்துப் பார்த்தார்கள்.

மாவு பிசைகிறவனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து வராந்தாவில் விட்டார்கள். உள்ளங்கால் வீங்கி நிற்க முடியவில்லை. முப்பது வயதிருக்கும். என் மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் கும்பிட்டேன். அவன் அதைப் பார்க்காத மாதிரி போலீஸ்காரரிடம் கையை நீட்டி, "போன் சார், போன்" என்று மட்டும் கேட்டான். வீட்டுக்குப் பேச வேண்டும் என்று சைகை காட்டினான். அந்த வாரமே சொந்த ஊருக்கு ரயிலேறிவிட்டான்.

இளையவனையும் மற்ற இரண்டு பேரையும் ரிமாண்டில் வைத்தார்கள். வழக்கு நடந்தது. விசா போயிற்று. என் மனைவி தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தக் காற்றாலைக்காரர் இவளைக் கண்டதும் கட்டு போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொண்டாராம். யார் உள்ளே வந்தாலும் அப்படித்தான் மறைக்கிறார் என்று நர்ஸ் சொன்னாளாம். கஞ்சியை வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் போனபோது அது தொடாமல் புளித்துப்போய் இருந்தது. பிறகு கம்பெனிக்காரர்கள் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு மன்னிப்புக் கேட்க முடியாமலே போயிற்று.

மூத்தவன் இன்னும் அதே முதியோர் இல்லத்தில்தான் இருக்கிறான். தம்பியோடு பேசுவதில்லை. "அவன் கையப் பாத்தா எனக்குத் தாடை வலிக்கிப்பா" என்கிறான். வெளியே வந்த பிறகு இளையவன் என்னோடு கடையில் சீட் கவர் தைக்கிறான்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் அவன் முதுகில் தட்டி, "அண்ணன அடிச்ச வெள்ளைக்காரனப் பதிலுக்குப் பொளந்த சிங்கம்லா நீ!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் இலையிலிருந்து எழுந்து, கைகூடக் கழுவாமல் வெளியே போய்விட்டான். சபையிலோ, இளையவன் ஆவியானவரால் ஏவப்பட்டுச் சரணடைந்தான் என்று சாட்சியாகச் சொல்கிறார்கள். பெற்ற மகனைப் பிடித்துக் கொடுத்த பாவி என்று என்னைச் சொல்கிறவர்களும் உண்டு.

அதனால்தான் எழுதிவிட்டேன். வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மூத்தவனை விசுவாச வீரனாக்காதீர்கள். இளையவன் சும்மா தள்ளித்தான் விட்டான் என்று சொல்லாதீர்கள். ஹெல்மெட்டால் வாயில் அடித்தான். என் கால் வாசல் பக்கம் திரும்பியதையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காற்றாலைக்காரர் எந்த நாட்டுக்காரர் என்று யாராவது கேட்டால், அன்றைக்கு அவரை அடித்தவர்களும் அதைக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.