திரைக்குப் பின்னால் கேட்ட கிட்டார்

'சைகோன், 1937 நவம்பர் 2, கல்லறைத் திருநாள்' என்று மேலே எழுதி என் அக்கா அப்பாவுக்கு அனுப்பிய கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நான்கு பக்கம். அரிசி விலை, ஓயாத மழை, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிக்கொடுத்த மீன் சமையல் என்று போகிற கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு வரி: 'இவர் இப்போதெல்லாம் சீட்டியடிப்பதில்லை.'

அத்தானை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். சைகோன் துறைமுகப் பட்டறையில் வேலை கிடைத்துப் போவதற்கு முன்பு அவர் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவர். முகம் மழிக்கும்போது, மாடிப்படி இறங்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் சீட்டிதான். கல்யாணமான புதிதில் அக்கா அலுத்துக்கொள்வாள்: "வீட்ல ஒரு புருஷன், ஒரு குயிலு. ரெண்டுக்கும் சேத்து ஒரு தட்டுதான் வெக்கிறேன்." கடிதம் வந்த ஆண்டின் மழைக்காலத்தில், சைகோன் பட்டறையில், பாரந்தூக்கும் இயந்திரத்தின் இரும்புக் கயிறு அவருடைய இடக்கையை இழுத்துக்கொண்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. ஆள்காட்டி விரல் பிழைத்தது, ஆனால் மடங்காது. வயலின் வாசிப்பவருக்கு இடக்கை விரல்கள்தான் எல்லாம். அப்பா அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

மறு ஆண்டு, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊரில் ஜூலை மாதத் தேசியத் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் பிரெஞ்சு மூவர்ணக் கொடி கட்டியிருந்த வாரத்தில், இருவரும் விடுப்பில் வந்தார்கள். கப்பல் தூரத்தில் நிற்க, படகில் இறங்கிக் கடற்பாலத்தில் ஏறினார்கள். அத்தானின் இடக்கை கோட்டுப் பைக்குள் இருந்தது. வலக்கையில் ஒரு நீளப் பெட்டி. இன்னொரு கனத்த பெட்டியைக் கூலியாள் தலையில் வைத்து, அவன் பக்கத்திலேயே நடந்து வந்தார். என்ன பெட்டி என்று கேட்டதற்கு, "ஊட்ல வெச்சுக் காட்டுறேன் மச்சான்" என்றார். அக்காவைப் பார்த்தேன். "என்னாண்டயும் இதேதான் சொல்றாரு. கப்பல் முழுக்கக் கேட்டாச்சு" என்றாள்.

அன்று மாலை நீளப் பெட்டி திறந்தது. உள்ளே அலுமினியத்தில் வார்த்த ஒரு பொருள். வட்டமான சின்ன உடல், நீளமான கழுத்து, ஆறு எஃகுக் கம்பிகள். கம்பிகளின் மேல் வளைந்து கவிந்தபடி லாட வடிவில் இரண்டு காந்தங்கள்.

பிரெஞ்சு சர்க்காரில் எழுத்தராக இருந்து பென்ஷன் வாங்கிவந்த அப்பா, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இன்னா மாப்ளே இது, தோசைக்கல்லுக்குக் கைப்பிடி இம்மாம் நீளம்?"

"கிட்டாரு மாமா. மடியில படுக்க வெச்சு வாசிக்கிறது. கரண்ட்ல பேசும்."

சைகோனில் நடனக் கூடம் ஒன்றில் வாசித்த மணிலாக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது இதை அத்தானுக்கு விற்றிருக்கிறார். விற்பதற்கு முன் பல மாதங்கள் தம் அறையிலேயே வைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அத்தான் பட்டறையில் கூடுதல் வேலை இருப்பதாக அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனது அங்கேதான்.

அவர் பையிலிருந்து இடக்கையை எடுத்தார். வந்த நாளில் நாங்கள் அதைப் பார்த்தது அப்போதுதான். உருளையான ஓர் எஃகுத் துண்டைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்தார். மடங்காத ஆள்காட்டி விரல் அதன் மேல் நேராகப் படுத்துக்கொண்டது. அந்த வாத்தியத்தை வாசிக்கிற எல்லோருமே அந்த விரலை அப்படித்தான் நீட்டி வைத்துக்கொள்ள வேண்டுமாம். எஃகைக் கம்பிகளின் மேல் வழுக்கவிட்டார். வலக்கை மீட்டியது. கொசு பாடுவதுபோல் ஏதோ கேட்டது.

"அவ்ளோதானா?" என்றாள் அக்கா.

"உடம்பு கெட்டி உலோகம். இதுக்குள்ள ஓசை இல்ல" என்ற அத்தான், காந்தங்களைத் தொட்டுக் காட்டினார். "கம்பி அசையுது இல்ல? அந்த அசைவுல, உள்ள சுத்தி வெச்சிருக்கிற செம்புக் கம்பியில கொஞ்சூண்டு கரண்ட் பொறக்குது. அதை அந்தப் பொட்டி பெருசாக்கும்."

அப்பா காந்தங்களிடம் வாயைக் கொண்டுபோய், கோயிலில் பாடுகிற குரலில் நீளமாக ஒரு 'ஆ' இழுத்தார்.

"அதுக்குக் காது கெடையாது மாமா. எஃகுக் கம்பி ஆடினாத்தான் தெரியும்."

"அப்ப நான் பாடினா?"

"ஒண்ணும் ஆவாது."

"நல்லவேளை" என்றாள் அக்கா.

கனத்த பெட்டியைத் திறந்தபோது நான் மேசையைச் சுற்றி வந்து பார்த்தேன். முன்பக்கம் துணி போர்த்திய வட்டம். பின்பக்கம் கண்ணாடிக் குடுவைகளாக வால்வுகள். பிரெஞ்சுப் பத்திரிகைகளில் இவற்றைப் பற்றிப் படித்திருந்தேன். படித்தது வேறு, எங்கள் சாப்பாட்டு மேசையில் அவை நிற்பது வேறு.

அத்தான் தயங்கினார். "இங்கத்து கரண்ட் இதுக்கு ஒத்துக்குமா, யாரையாச்சும் கேட்டுக்கலாமா?"

"யாரைக் கேக்கணும்?" என்றார் அப்பா. "சைகோன்ல இருக்கிறதும் நம்ம சர்க்காருதான், இங்க இருக்கிறதும் நம்ம சர்க்காருதான். ஒரே கொடி, ஒரே சட்டம். பென்ஷன்கூட ஒரே விதிதான். கரண்ட் மட்டும் வேற ஜாதியா?"

இன்றைக்குச் சிரிப்பு வரலாம். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சைகோனில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்று இங்கே செல்லும். இங்கே வாங்கிய பட்டம் அங்கே வேலை வாங்கித் தரும். கடல் கடந்து போவதே ஒரு வீட்டின் இரண்டு அறைகளுக்கிடையே நடப்பதுபோல் பழகிவிட்ட குடும்பங்கள் எங்களுடையவை. அத்தானும் தலையசைத்தார். விளக்கு மாட்டும் இடத்திலிருந்து கம்பி இழுத்துச் செருகினோம்.

வால்வுகள் மெல்லச் சிவந்தன. பிறகு ஆரஞ்சாயின. பிறகு கண் கூசும்படி வெளுத்தன. அவ்வளவு அழகை அந்த மேசை அதற்கு முன்பு கண்டதில்லை.

"வோலா! வந்துடுச்சு பாரு!" என்று கைதட்டினார் அப்பா.

பெட்டி ஒரு முறை உறுமியது. மெழுகு கருகும் நாற்றம் வந்தது. அத்தான் பாய்ந்து கம்பியைப் பிடுங்குவதற்குள், துணி வட்டத்தின் வழியே புகை நூலாக எழுந்து, சுவரில் இருந்த மாதா படத்தின் முன்னால் சற்று நின்று கலைந்தது. சைகோனில் பழகிய அளவைவிட எங்கள் தெருவில் கரண்டின் வேகம் கூடுதல் என்று பிறகு விளங்கிக்கொண்டோம். கொடிக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை.

யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அத்தான் கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். எஃகுத் துண்டை அதன் குழியில் பொருத்தினார். கை மறுபடியும் பைக்குள் போனது. அடுத்த நாட்களில் சாப்பிட அழைத்தால் வந்தார். கேட்டால் பதில் சொன்னார். கோயிலில் பாடகர் மேடை கண்ணில் படாதபடி கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார்.

அக்கா ஒரு நாள் கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பொட்டி போச்சுன்னா போவட்டும்டா. அதில்ல எனக்கு. மாசக்கணக்கா ஒளிச்சு வெச்சுக் கத்துக்கிட்டு வந்திருக்காரு. எனக்குக் காட்டணும்னு. ஒரு தபா கேக்காம மறுபடியும் கப்பல் ஏறினாருன்னா, அவ்ளோதான், அந்த மனுஷன் திரும்ப மாட்டாரு. நீதான் எதையெதையோ படிக்கிறியே, யோசியேன்."

எனக்குத் தோன்றியது ஒன்றே. ஊரில் பேசும் படம் காட்டும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே படப்பெட்டியை ஓட்டியவன் என் பள்ளித் தோழன். படத்தைப் பேசவைக்கிற இயந்திரமும் வால்வுகளால் ஆனதுதான். திரைக்குப் பின்னால் ஒரு பெரிய ஒலிபெருக்கி உண்டு. அவனிடம் போனேன்.

"இன்னா வாத்தியாரே, ஸ்கூலுக்கு மட்டமா?" என்று, நான் பாடம் நடத்துகிற பள்ளியைச் சொல்லிக் கிண்டலாக ஆரம்பித்தான். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. "அய்யய்யோ. அது படம் பேசுற பொட்டிடா. உங்க தோசைக்கல்லு பேசறதுக்கில்ல. புட்டுக்கிச்சுன்னா முதலாளி என்னைத் திரையில கட்டித் தொங்கவிடுவாரு."

"ஆட்டத்துக்கு முன்னாடி கிராமபோன் தட்டு போடறியே. அந்த ஓசை எப்படி வெளிய வருது?"

"அதுக்குத் தனி வயரு. ஊசி ஆடறது அது வழியா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். "டேய். அதுலயும் காந்தந்தான்டா இருக்கு."

மாதா திருநாளுக்கு முந்தைய வியாழக்கிழமை, பள்ளிக்கு வார விடுமுறை நாள், காலையில், கொட்டகையைப் பெருக்கி முடித்த பிறகு வரச்சொன்னான். அத்தானை அழைத்துவந்தது அக்கா. அவரிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. கிட்டார்ப் பெட்டியை அவளே இடுப்பில் வைத்துச் சுமந்து வந்தாள். அப்பா நல்ல கோட்டு போட்டு, தொப்பி வைத்து, கோயிலுக்கு வருவதுபோல் வந்தார்.

கிட்டாரிலிருந்து போகும் மின்கம்பி குட்டையானது; படத்தைப் பேசவைக்கிற இயந்திரமோ படப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே அத்தான் பின்புறம் மேலே இருக்கும் படப்பெட்டி அறையில்தான் உட்கார வேண்டியிருந்தது. என் தோழன் தட்டுப் போடும் வயரைக் கழற்றினான். அத்தான் கிட்டாரின் மின்கம்பியை அதன் இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். அந்த வேலையில் அவருடைய இரண்டு கைகளும் ஒளியவில்லை. நாங்கள் மூவரும் கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். முன்னால் வெற்றுத் திரை. ஓட்டுக் கூரையின் சந்துகளில் வெயில் கம்பி கம்பியாக இறங்கியது.

முதலில் திரைக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் எழுந்தது. அப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

"பொகை வருதா பாரு."

"இல்லப்பா."

பிறகு நகம் கம்பியில் உரசிய ஓசை. எவ்வளவு சிறிய செயல் அது! ஆனால் மரப்பலகையை யாரோ இழுத்ததுபோல் கொட்டகை முழுவதும் கேட்டது. உத்தரத்தில் இருந்த புறாக்கள் படபடத்து எழுந்தன.

அதன் பிறகு ஒரு சுரம்.

அதை எப்படி எழுதுவதென்று இத்தனை ஆண்டுகளாக யோசித்தும் எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. மீட்டிய கம்பியின் ஓசை பிறந்தவுடன் தேயும் என்பதுதான் நான் அறிந்தது. இது தேயவில்லை. நின்றது. நின்றபடியே மேலே ஏறியது. படி வைத்து ஏறவில்லை, நீர்மட்டம் உயர்வதுபோல் ஏறியது. எங்கள் முதுகுக்குப் பின்னால், ஒரு மாடி உயரத்தில், ஒரு மனிதர் எஃகுத் துண்டை ஒரு சாண் நகர்த்துகிறார். அந்த அசைவு செம்புச் சுருளுக்குள் மின்சாரமாகி, வால்வுகளுக்குள் பெருகி, சுவரோரம் ஓடி, எங்கள் முகத்துக்கு எதிரே காற்றாகத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு கட்டமும் எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்து அடிக்கோடு இட்டிருக்கிறேன். தெரிந்ததால் வியப்பு ஒரு துளிகூடக் குறையவில்லை. பெஞ்சின் பலகை என் தொடைக்குக் கீழே அதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. புருஷன் இருந்த மேலறையைத் திரும்பிப் பார்த்தாள். ஓசை வந்த திரையைப் பார்த்தாள். மறுபடியும் மேலே.

"அவரு அங்க இருக்காரு. ஏன்டா இங்கேர்ந்து வருது?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மெட்டு தொடங்கிவிட்டது. பூசையில் குருவிடம் நன்மை அப்பம் வாங்கும் நேரத்தில் முன்பு கோயிலில் அவர் வயலினில் வாசித்துவந்த மெட்டு. ஓசை வயலினுடையது அல்ல. அதைவிடத் தடித்தது, இனிப்பானது, கொஞ்சம் அழுகை கலந்தது. ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சுரத்தை விடாமல் மெல்ல நடுங்கவைத்து நிறுத்துவது அவருடைய பழக்கம். அந்த நடுக்கம் திரைக்குப் பின்னாலிருந்து வந்தபோது அக்கா தன் கேள்வியை மறந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையை நேராகப் பார்த்து, "அவருதான்" என்றாள்.

தெருப்பக்கக் கதவு சிறிது திறந்தது. ஆளை உட்காரவைத்துத் தள்ளிப்போகும் புஷ்-புஷ் வண்டிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, "காலையிலயே ஆட்டமா? படத்தையே காணோமே?" என்றார். அப்பா உதட்டில் விரல் வைத்து, பக்கத்துப் பெஞ்சைக் காட்டினார். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

மெட்டு முடிந்ததும் மேலறையின் துவாரத்தில் என் தோழனின் முகம் தெரிந்தது. "வாத்தியாரே! வால்வு எல்லாம் உயிரோட இருக்கு! இன்னொண்ணு வாசிக்கச் சொல்லட்டா?"

அந்தத் துவாரத்தின் வழியே அத்தானின் குரலும் வந்தது. மின்சாரம் இல்லாமல், சாதாரணமாக. "கேட்டுச்சா?"

கேள்வி யாருக்கு என்று நாங்கள் எல்லோரும் அறிவோம். அக்கா எழுந்து நின்று மேலே பார்த்தாள். "கேட்டுச்சு. மொதல்லேர்ந்து வாசிங்க" என்றாள்.

அவர் முதலிலிருந்து வாசித்தார்.

கொட்டகைக்குப் போன நாளை அன்றே என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். ஐயத்துக்கு இடமில்லை; நானே அங்கே இருந்தேன். அடுத்த நாளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மறுநாள் காலை கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டே அத்தான் சீட்டியடித்தார் என்கிறாள் அக்கா. நான் அதற்கு முன்பே பள்ளிக்குப் போய்விட்டேன். அப்பா பூசைக்குப் போயிருந்தார். பின்னாளில் அத்தானையே கேட்டேன். "அடிச்சேனா? ஞாபகமில்லையே மச்சான்" என்றார். ஆகவே அக்காவின் சொல்லைத் தவிர இதற்கு வேறு சான்று கிடையாது. இன்றுவரை உறுதி செய்யப்படாத செய்தி என்றே இதை எழுதிவைக்கிறேன்.