சாகாதவருக்கு ஒரு அஞ்சலிக் கட்டு

உயிரோடு இருந்த மனிதருக்கு அஞ்சலி தொகுத்து, தபாலில் அவருக்கே அனுப்பிவிட்டேன்.

விஞ்ஞானக் கதைப் பைத்தியங்கள் பன்னிரண்டு பேர் கொண்ட குழு எங்களுடையது. ஆளுக்கு நாலு பக்கம் எழுதி, பன்னிரண்டு பிரதி எடுத்து எனக்கு அனுப்புவார்கள். நான் லண்டன் செவன் கிங்ஸ் வீட்டில் அடுக்கி, பின் அடித்து, ஆளுக்கொரு கட்டாகத் திருப்பி அனுப்புவேன். இரண்டு மாதத்துக்கு ஒரு கட்டு. தொடர்ந்து மூன்று தரம் எழுதாதவர் வெளியே. ஈமெயில் வந்தும் தாளை விடவில்லை. சம்பளமில்லை, ஏச்சு உண்டு. சங்கம், சஞ்சிகை நடத்தி நொந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பூசையில் கேட்ட பெயர்

குரோய்டன் அருளப்பு ஒரு கட்டுக்கு எழுதவில்லை. அவருடைய செவ்வாய்க் கப்பல் தொடர்கதை பாதியில் நின்றது. போனும் எடுக்கவில்லை. எங்கள் யோகன் சைவக்காரன்; யாரோ பிள்ளையின் முதல்நன்மைச் சடங்குக்குத் தேவாலயம் போனவன், அன்று பின்னேரமே எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, அருளப்பர் செத்துப்போட்டார். பூசையிலை பேர் வாசிச்சவை. என்ரை காதாலை கேட்டனான்."

முடித்துவைத்த கதை

எல்லோருக்கும் சொன்னேன். பதினொருவரும் அஞ்சலி எழுதினோம். சவுத்தால் கமலா அதோடு நிற்கவில்லை. தொடரை அந்தரத்தில் விடக்கூடாதென்று தானே முடித்துவிட்டார்: கப்பல் வெடித்தது, கப்டனும் செத்தார்.

கட்டை அனுப்பும்போது முகவரிப் பட்டியலில் ஒரு பெயரை வெட்ட மறந்தேன். நாலாம் நாள் போன். அருளப்புவின் குரல். ஆஸ்பத்திரியால் வந்து அப்போதுதான் தபால் பிரித்தாராம்.

"நான் செத்தது கிடக்கட்டும். கப்டனை ஏன் காணும் சாகடிச்சனீர்?"

ஆர் பிழை?

பூசையில் வாசித்தது நோயாளிகளின் பட்டியல். யோகனைப் பிடித்துக் கத்தினேன்.

"நான் ஒராளுக்குத்தான் சொன்னனான். ஒன்பது பேருக்குச் சொன்னது நீங்கள், அண்ணை."

அருளப்பு இனி எழுதமாட்டாராம். ஏற்கனவே இரண்டு தரம் தவறிவிட்டார். மூன்றாவதும் தவறினால், நானே போட்ட விதிப்படி, இருபது வருடத் தோழனை நானே வெட்டவேண்டும். மன்னிப்புக் கேட்டேன். கெஞ்சியும் பார்த்தேன்.

"செத்தவனிட்டைப் பக்கம் கேளாதையும்."

கடைசி நாள்

அடுத்த கட்டுக்குப் பக்கங்கள் வந்துசேரவேண்டிய நாளில் கதவு தட்டினது ஒரு பெண். அருளப்புவின் மனைவி றீற்றா. அன்றுதான் முதல்முதல் பார்க்கிறேன். கையில் பன்னிரண்டு பிரதி. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் எழுதிய அத்தியாயமாம். என்னோடு போனில் கத்திவிட்டுக் குப்பைக்குள் போட்டிருக்கிறார். இவர் பொறுக்கிப் பிரதி எடுத்திருக்கிறார்.

நின்ற இடத்திலேயே வாசித்தேன். கப்டன் எப்போதோ சின்னக் கலமொன்றில் ஏறிக் கப்பலைவிட்டுப் போய்விட்டார். கமலா வெடிக்கவைத்தது ஆளில்லாத கப்பலை.

"நீங்கள் கொண்டுவந்தது அவருக்குத் தெரியுமோ?"

"இனித் தெரியும். கட்டு வீட்டை வரும்தானே."

அதற்கடுத்த கட்டுக்கு அருளப்பு ஏழு பக்கம் அனுப்பினார். கதை எழுதத் தெரிந்த நாங்கள் இத்தனை பேர் கூடிக் குழப்பினதை நேராக்கினது, விஞ்ஞானக் கதை ஒன்றுகூட வாசித்திராத றீற்றா.