தம்பியின் வயிற்றுவலியும் நான் சொன்ன வைத்தியமும்

அமெரிக்காவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் என் தம்பி, வயிற்றுவலி தாங்க முடியவில்லை என்று அக்காவான என்னிடம் தொலைபேசியில் சொன்னான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகல்லயா?"

"இங்க போனா கடனாளியாத்தான் வரோணும், ராத்தா."

இலங்கையில், எங்கள் ஊரான குறிஞ்சிப்பிட்டியில் இருந்துகொண்டு, "அப்ப இஞ்சி அவிச்சுக் குடிச்சிட்டுப் படு" என்றேன்.

மறுநாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தவனை உடன் வேலை செய்பவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். உடனே சத்திரசிகிச்சை நடந்தது. குறைந்த சம்பளக்காரருக்கு அங்கே அரசாங்க மருத்துவக் காப்புறுதி இருப்பதை ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் சொல்லித்தான் அவன் அறிந்தான். அவரே அதில் அவனைச் சேர்த்தும் விட்டார். செலவு முழுவதையும் காப்புறுதியே ஏற்றது.

"இந்த நாட்டுக்கு வந்த உடனேயே விசாரிச்சிருக்கலாம்" என்றான்.

வெளிநாடு போகுமுன் சொல்லிக்கொள்ள வரும் சொந்தக்காரரிடம், "அங்க நோய் வந்தா என்ன வழியெண்டு முதல்ல கேட்டு வைங்க" என்கிறேன். தொலைபேசியில் கைவைத்தியம் சொல்வதை விட்டுவிட்டேன்.