சளிக்காரியின் தங்கை

என் அக்காவுக்குச் சூளைப் பக்கம் சளிக்காரி என்று பெயர். செங்கல் சூளையில் இருமுகிறவர்களிடம் டப்பாவில் சளி வாங்கி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாள். காசநோயா இல்லையா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். அவள் வருவதற்கு முன்பு, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், ஒரு நாள் வேலை கெடும் என்று யாரும் போகமாட்டார்கள். இருமிக்கொண்டே கல் அறுப்பார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். உலகத்தில் வேறு வேலையே இல்லையா என்று அவளிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

அவள் பிடிவாதக்காரி. டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தண்ணீர் மாதிரி இருந்தால், "இது எச்சில். நெஞ்சுல இருந்து வரணும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். பெண் முன்னால் காறித் துப்ப ஆண்களுக்கு வெட்கம். அதனால் அவளே இடுப்பில் கை வைத்து, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து இருமிக் காட்டுவாள். சூளையே சிரிக்கும். அவள் கண்டுகொள்ளவே மாட்டாள்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் இரண்டு மாதமாக இருமினார். அவரும் அதே சூளையில் கல் அடுக்குகிறவர்தான். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. அக்காவிடம் டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை கொடுத்ததைப் பிரித்துப் பார்க்க அவளுக்கும் கூச்சம், அப்படியே கொண்டுபோனாள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலையிலேயே வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"மாப்ள, இந்த இருமலுக்குக் கிருமி இல்லன்னா நான் நம்ப மாட்டேன். அன்னைக்குக் குடுத்தது எச்சில்தானே?"

அவர் தலையைக் குனிந்தார். "உங்க முன்னாடி எப்படிக்கா..."

"தப்பு என்னோடது. ஊரார் டப்பாவையெல்லாம் தூக்கித் தூக்கிப் பாத்தேன், நம்ம வீட்டு டப்பாவ பாக்கல."

வாசலிலேயே இடுப்பில் கை வைத்து இருமிக் காட்டினாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"மானத்த வாங்காதக்கா!" என்று கத்தினேன்.

"உனக்கு மானம் பெருசா, புருஷன் பெருசா?"

அவள் நீட்டிய டப்பாவை நானே வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

இந்தத் தடவை கிருமி இருந்தது. ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். இப்போது அதே சட்டையில் பொத்தான் போட முடியவில்லை.

சூளையில் யாராவது புதிதாக இருமினால், டப்பாவோடு முதலில் போய் நிற்பது அவர்தான். இடுப்பில் கை வைத்து, வராத இருமலை வரவழைத்துக் காட்டுகிறார். போன வாரம் நான் சூளைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, அதைப் பார்த்துச் சிரித்த ஒரு பெண், நீங்கள் யார் என்று என்னைக் கேட்டாள்.

"சளிக்காரியோட தங்கச்சி" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.