கூரையை ஏற்றி வந்த டிரெய்லர்

பாப்பா, தம்பி, முன்னால் ஒரு டிராக்டர் டிரெய்லர் போனால் நான் ஏன் பைக்கை அவ்வளவு தள்ளியே ஓட்டுகிறேன் என்று நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போன வாரம் கரும்பு லோடு ஒன்றின் பின்னாலேயே ஊர்ந்து வந்ததில் தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் திட்டு விழுந்தது. வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னால் பாதி காற்றில் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் தாத்தாவையும் ஆயாவையும் இதில் அப்பா, அம்மா என்றே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் வருகிறது.

அப்போது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். சொத்துப் பங்கு பிரித்ததில் அப்பாவுக்கு மேட்டுக்காடு வந்தது. கிணறு ஊறவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் காட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நிலத்தைக் குத்தகைக்குப் பேசி வைத்தார். வீடு கட்டிக்கொள்ள ஓரமாக இடமும் கொடுத்தார். அப்பா போய்ப் போய் வந்து மண்சுவர் எழுப்பி, மேலே சட்டமும் அடித்து முடித்துவிட்டார். கூரை மட்டும்தான் பாக்கி.

அந்தக் கூரையை அப்பா பென்னாகரத்திலிருந்தே கொண்டுபோவது என்று முடிவு செய்தார். பழைய வீட்டுச் சீமை ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கித் தூசி தட்டி அடுக்கினார். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை.

"தென்னங்கீத்து போட்டுக்கலாங்க. அத்தன தொலவு ஓட்ட தூக்கிட்டுப் போவணுமா? வழியில ஒடஞ்சா யாருக்கு நஷ்டம்?"

"ஓடு நம்பளுது," என்றார் அப்பா.

வண்டியில் ஏற்றிய அன்று பங்காளி வீட்டுச் சித்தப்பா ஒருவர் வேப்பங்குச்சியை மென்றபடி வந்து நின்றார். "பொண்டாட்டி ஊருக்கு ஒண்டப் போறவனுக்கு ஓடு என்னாத்துக்கு? மச்சாங்காரன் வூட்டுத் தாவாரத்துலயே படுத்துக்கிறது," என்று சொல்லிச் சிரித்தார். அப்பா திரும்பவில்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் வைக்கோலைத் திணித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தச் சித்தப்பா சொன்னது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாமா வீட்டில் டிவி இருந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவின் டிராக்டர் நல்ல டிராக்டர். பின்னால் பூட்டிய டிரெய்லருக்கு இரண்டு சக்கரம். அதன் டயர்கள் முதலில் லாரியில் ஓடித் தேய்ந்து, மேல்தோல் ஒட்டி, வேறு யாரோ ஒருவர் டிரெய்லரில் ஓடி, அதற்கும் பிறகு மாமாவிடம் வந்து சேர்ந்தவை. மாமா காலால் ஓர் உதை விட்டு, "கல்லு மாதிரி இருக்குது மச்சான்," என்றார். நான் குனிந்து பார்த்தபோது இடப்பக்கத்து டயரின் பக்கவாட்டில் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா மாமாவிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வார்? டீசலும் ஊற்றி, வண்டியும் கொண்டுவந்து நிற்கிற மனைவியின் தம்பியிடம் உன் டயர் சரியில்லை என்று சொல்ல முடியுமா? மாமாவும் அப்படித்தான். ஓடு அடுக்கி முடித்ததும் டிரெய்லர் அமுங்கி நின்றதை அவர் இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்தார். ஆனால் அக்கா வீட்டுக்காரரிடம் பாரம் அதிகம், கொஞ்சம் இறக்குங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் மரியாதை இவரைக் கட்டிப்போட்டது, இவர் மரியாதை அவரைக் கட்டிப்போட்டது. வண்டி கிளம்பிவிட்டது.

அடியில் ஓடு. அதன்மேல் கதவு, நிலை, ராகி மூட்டைகள், ஆட்டுக்கல், கட்டில், தண்ணீர் டிரம். எல்லாவற்றுக்கும் உச்சியில் அம்மாவின் பித்தளை அண்டா. அதற்குள் துணிகளை மெத்தை போலப் போட்டுத் தங்கச்சியை உட்கார வைத்திருந்தார்கள். அவள் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அப்பா டிராக்டரில் மாமா பக்கத்தில் மட்கார்டின்மேல் உட்கார்ந்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஜெபமாலையை எடுத்தார். ஒரு அருள் நிறைந்த மரியே, ஓட்டுக்கு ஒரு திட்டு, மறுபடி ஒரு அருள் நிறைந்த மரியே என்று போய்க்கொண்டிருந்தது. நான் பின்பக்க மூட்டைமேல் குப்புறப் படுத்து அந்த வீக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். சக்கரம் சுற்றச் சுற்ற அது மேலே வரும், கீழே போகும். கீழே போகும்போதெல்லாம் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

இண்டூர் வருவதற்கு முன்னால் வெடித்தது. வீங்கிய டயர் இல்லை, மறுபக்கத்து நல்ல டயர். காதுக்குள் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. புழுதி மேலே எழும்பியது, டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தது, அடியில் ஓடுகள் ஒன்றோடொன்று நெரியும் சத்தம் கேட்டது. மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோய்விட்டன. அப்பா ஓடிவந்தவர் எங்களைப் பார்த்தார், பிறகு ஓட்டைப் பார்த்தார்.

"வெயிலு மச்சான்," என்றார் மாமா. "வெயிலுக்கு டயரு தாங்கறதில்ல."

"ரோடும் சரியில்ல மாப்ள," என்றார் அப்பா.

அப்போது வெயிலே ஏறியிருக்கவில்லை. ரோடு புதிதாகப் போட்ட தார் ரோடு.

மூட்டைகளை இறக்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டினார்கள். உடைந்த ஓடுகளை அப்பா கீழே போடவில்லை. ஒரு சாக்கில் கட்டி அதையும் வண்டியில் ஏற்றினார். மாமா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தர்மபுரிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பாய் பஞ்சர் கடை வைத்திருந்தார். வெடித்த டயரை உருட்டிக்கொண்டு போனோம். அவர் கிழிந்த இடத்துக்குள் கையை விட்டு அந்தப் பக்கமாக விரலை நீட்டி எங்களுக்கு ஆட்டிக் காட்டினார். தங்கச்சி சிரித்தாள்.

"எதனால வெடிச்சிச்சி?" என்று கேட்டார்.

"வெயிலு பாய்," என்றார் மாமா.

"ரோடுங்க," என்றார் அப்பா.

பாய் எழுந்து டிரெய்லரைச் சுற்றி வந்தார். "பாவம் அந்த ரோடு. ரெண்டு பேரும் பென்னாகரத்துல இருந்து அதையே திட்டிட்டு வரீங்களாக்கும். டயரும் செத்துப்போச்சி, பாரமும் ஓவரு. மாமன் மச்சான் மொறைக்காக நான் பொய் சொல்ல முடியுமா?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். கிழிந்த இடத்துக்குள் வேறொரு டயர்த்துண்டை வைத்து, ட்யூபைப் போட்டு, காற்று அடித்துக் கொடுத்தார் பாய். "இத அவசரத்துக்கு வெச்சிக்கங்க. கொறச்ச பாரத்துக்கு மெதுவா ஓடும். இந்த லோடுக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

கடத்தூர் தாண்டினோம். மாமா டிராக்டரை நடக்கிற வேகத்துக்குக் குறைத்துவிட்டார். சைக்கிளில் போகிறவர்கள்கூட எங்களை முந்திக்கொண்டு போனார்கள். சித்தேரி மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. மழை பெய்தால் கூரை இல்லாத மண்சுவர் கரைந்துபோகும். அது எனக்கே தெரியும். அப்பா மலையைப் பார்ப்பார், திரும்பி டயரைப் பார்ப்பார். நான் அப்பாவைப் பார்ப்பேன், பிறகு அந்த வீக்கத்தைப் பார்ப்பேன். கொழுக்கட்டை இப்போது கொய்யாக்காய் ஆகியிருந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். காதைப் பொத்திக்கொண்டே வந்ததில் கை வலித்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கலாம் என்று எடுத்தேன்.

பொம்மிடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த வீங்கிய டயரும் வெடித்துவிட்டது.

இந்த முறை ரோட்டையோ வெயிலையோ யாரும் திட்டவில்லை. மாமா பாய் கொடுத்த டயரைக் கீழே போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், இது தாங்காது. பாரத்த கொறைக்கணும். இன்னொருவாட்டி வெடிச்சா வண்டி கவுந்துடும். புள்ளைங்க மேல இருக்குதுங்க."

அப்பா டிரெய்லரின் பக்கப் பலகையில் கையை வைத்து, அடியில் இருந்த ஓடுகளைப் பார்த்தார். பிறகு, "ஓட்ட எறக்கிடலாம் மாப்ள," என்றார். "இங்கியே கெடக்கட்டும்."

மாமாவுக்கு உயிர் வந்தது. "அதுக்கென்ன மச்சான். எங்க வூடு எதுக்கு இருக்குது? மழைக்காலம் முடியற வரைக்கும் எல்லாரும் எங்க வூட்லயே இருந்துக்கலாம். யாரு என்னா கேக்கப் போறா?"

மனசார, பாசத்தோடு சொன்னார். எனக்கு டிவி கண்ணுக்குள் வந்து நின்றது. அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். உதறினார். திரும்பக் கட்டினார். சரியாக வரவில்லை போல, மறுபடியும் அவிழ்த்தார்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, டிரெய்லர்மேல் ஏறி ஒரு ராகி மூட்டையைக் கீழே தள்ளினார்.

"என்னக்கா பண்ற?" என்றார் மாமா.

"இதெல்லாம் எறங்கட்டும். ஓடு போவட்டும்."

"நீதான காலைல இருந்து அந்த ஓட்ட திட்டிட்டு வர?"

"திட்டுவன். என் வூட்டு ஓடு, நான் திட்டுவன். உனக்கென்னா? கட்டில் கயித்த அவுறு."

மூட்டைகள் இறங்கின. ஆட்டுக்கல், கட்டில், டிரம், கதவு எல்லாம் இறங்கின. எல்லாமே அம்மாவுக்குக் கல்யாணத்தில் தாய்வீட்டுச் சீராக வந்தவை, கதவையும் மூட்டைகளையும் தவிர. அண்டா இறங்க வேண்டிய நேரத்தில் தங்கச்சி வெளியே வரமாட்டேன் என்று விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளோடு சேர்த்தே அண்டாவை இறக்கி, பிறகு அவளை அதிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

ரோட்டோரமாகவே குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு வீடு. அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் அம்மா போய்க் கேட்டார். அந்த அம்மாள் அண்டாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "யாரு எவருன்னு தெரியாம இவ்ளோ சாமானையும் நம்பி உட்டுட்டுப் போறியே கண்ணு?"

"நாளைக்கி வந்து எடுத்துக்கறங்க. மழை வந்தா அந்த மூட்டைய மட்டும் உள்ள இழுத்துப் போட்டுடுங்க," என்றார் அம்மா.

டயரை மாட்டியதும் மாமா மட்டும் டிராக்டரில் ஏறினார். அப்பா சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தார், குழந்தைக்கு நடை பழக்குகிற மாதிரி குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு. அம்மா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். நான் எல்லோருக்கும் பின்னால், வெகுதூரம் தள்ளி. வழியில் எதிர்ப்பட்டவர்கள் நின்று பார்த்தார்கள். ஓடு வண்டியில் போகிறது, வீட்டுக்காரர்கள் நடந்து போகிறார்கள். பாய் வைத்த துண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில் 'தப்' என்று தட்டியது. ஒவ்வொரு 'தப்'புக்கும் நான் கண்ணை மூடித் திறந்தேன். அது தாங்கியது.

ஊருக்குள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மாமாவின் தெருவில் ஆட்கள் வெளியே வந்தார்கள். "பென்னாகரத்துல இருந்தே ஓட்டோட வந்திருக்காரு பாருய்யா," என்று ஒருவர் சொன்னார். யாரும் கூப்பிடாமலேயே ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றினார்கள். அப்பா மேலே ஏறிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி வேய்ந்தார். சமையல்கட்டுப் பக்கம் மட்டும் போதாமல் கீற்று வைத்து மூட வேண்டியிருந்தது. கடைசிக் கீற்றைக் கட்டும்போது தூறல் போட்டது.

ஒரு பெண் அம்மாவிடம் கேட்டார். "சட்டி பானையெல்லாம் எங்க? ஒண்ணையும் காணமே?"

"பின்னாடி வருதுங்க. ரெண்டாவது நடையில," என்றார் அம்மா.

நான், இல்லை, டயர் வெடித்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் என் தொடையைப் பிடித்து ஒரு திருகு திருகின. உதவிக்கு மாமாவைப் பார்த்தேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா ஆமா, ரெண்டு நடை. ஒரே நடையில மச்சான் வூட்டு சாமானெல்லாம் அடங்குமா?" என்றார். கூரைமேல் இருந்த அப்பாவுக்கு இது கேட்டிருக்கும். அவர் கீழே பார்க்கவில்லை.

மறுநாள் வேறு டயர் மாட்டிக்கொண்டு போய் மாமா சாமான்களை எடுத்துவந்தார். ஒன்றும் குறையவில்லை. ராகி மூட்டை நனையவும் இல்லை.

எனக்குத்தான் கோபம் தீரவில்லை. அத்தனை பெரிய சத்தம் இரண்டு தடவை கேட்டவன் நான். அந்த ஊர்ப் பையன்கள் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டிருக்கமாட்டார்கள். அதைச் சொல்லக்கூடாது என்றால் எப்படி? காலையெல்லாம் ஓட்டைத் திட்டிய அம்மா, தாய்வீட்டு அண்டாவை யாரோ ஒருவர் வாசலில் போட்டுவிட்டு அந்த ஓட்டைக் காப்பாற்றுவானேன்? டிவி இருக்கிற வீட்டில் இருக்கச் சொல்லித் தம்பியே கூப்பிட்டபோது, கூரையே இல்லாத வீட்டுக்கு நடந்து போவானேன்? அப்பா ஏன் அந்தத் துண்டை அத்தனை முறை அவிழ்த்துக் கட்டினார்? பென்னாகரத்தில் அந்தச் சித்தப்பா சிரித்துக்கொண்டு சொன்ன பேச்சும், பொம்மிடி ரோட்டில் மாமா பாசமாகச் சொன்ன பேச்சும் அப்பாவின் காதில் ஒரே பேச்சாகத்தான் விழுந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மா டயரின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னார் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சாமான்கள் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம், எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, நான் மட்டும் மஞ்சள் காட்டுக்குள் வெகுதூரம் நடந்து போனேன். யாரும் இல்லை என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டேன். பிறகு "டமார்" என்று ஒரு முறை சொன்னேன். மெதுவாகத்தான்.